குஞ்சு மீனுக்காக வாதாடிய டாக்டர் பிரான்சிஸ் டே

நாட்டுக்கு உழைத்த தலைவர்களின் வாழ்க்கையை நாம் படிக்கிறோம். மொழிக்கு உழைத்த புலவர்களின் வாழ்க்கையைப் போற்றுகிறோம். நோய்க்கு மருந்து கண்டவர்களையும், விண்ணை அளந்தவர்களையும் பாடநூல்கள் நமக்கு அறிமுகப்படுத்துகின்றன. ஆனால் ஆற்றிலும் குளத்திலும் வாழும் மீனுக்காகவே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒருவரைப் பற்றி நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? விலங்கியல் மாணவர்கள் அவர் பெயரை அறிவர். மற்றவர்களும் அறிய வேண்டிய பெயர் அது. அவரே டாக்டர் பிரான்சிஸ் டே.

மழையை நம்பி வாழும் கோவில்பட்டிக் கரிசல் மண்ணுக்கும் மீன் அறிஞருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். நம் நிலத்தில் வற்றாத ஆறு இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வானம் கண் திறந்தால் கண்மாய் பெருகும். பங்குனி, சித்திரையில் அதே கண்மாயில் பாளம் பாளமாக வெடிப்பு ஓடும். இந்தச் சில மாத நீரிலும் மீன் பிறக்கிறது, வளர்கிறது, நம் உலைக்கு வருகிறது. வற்றாத ஆற்றில் தவறு செய்தால் அடுத்த மடு ஈடுகட்டும். வற்றும் கண்மாயில் செய்த தவறு மறு ஆண்டே தெரிந்துவிடும். ஆகவே மீனைப் பிடிப்பது எப்படி, விட்டுவைப்பது எப்படி என்ற கேள்வி மற்றவர்களைவிட நமக்கே நெருக்கமானது. அந்தக் கேள்வியை இந்தியா முழுவதற்குமாக முதன்முதலில் எழுப்பி, விடை காண முயன்றவர் டே.

இளமையும் கல்வியும்

இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் மேர்ஸ்ஃபீல்டு என்னும் ஊரில் 1829-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் நாள் பிரான்சிஸ் டே பிறந்தார். நிலபுலன் மிக்க குடும்பம். ஷ்ரூஸ்பரி பள்ளியில் பயின்றார். பரிணாமக் கொள்கையை உலகுக்கு அளித்த சார்லஸ் டார்வினும் முன்னாளில் படித்த பள்ளி அது. பின்னர் லண்டனில் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் மருத்துவம் கற்றுத் தேர்ந்தார்.

1852-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைப்பிரிவில் உதவி மருத்துவராகச் சேர்ந்தார். அக்காலத்துப் படை மருத்துவரின் வாழ்க்கை ஓரிடத்தில் நிலைகொள்ளாத வாழ்க்கை. படை போகுமிடமெல்லாம் மருத்துவரும் போக வேண்டும். காலரா, மலேரியா, வெட்டுக்காயம் இவையே அன்றாடப் பணி. அப்படி ஊர் ஊராகச் சென்றவர்கள் பலர். ஆனால் சென்ற இடத்து மண்ணையும் மரத்தையும் உயிர்களையும் உற்று நோக்கியவர்கள் சிலரே. டே அந்தச் சிலரில் ஒருவர்.

கொச்சியில் விளைந்த ஆர்வம்

1859-இல் அவர் கொச்சிக்கு மாற்றப்பட்டார். இதுவே அவர் வாழ்க்கையின் திருப்புமுனை என்று கூறினால் மிகையாகாது. ஒருபுறம் கடல், மறுபுறம் காயல், நடுவே ஆறுகளும் வயல்களும். காலையில் கரைக்கு வரும் கூடைகளில் பல நிறத்தில், பல வடிவத்தில் மீன்கள். மருத்துவமனை வேலை முடிந்ததும் டே மீன் சந்தைக்குப் போவார், மீனவர்களிடம் பெயர் கேட்பார், செதிலை எண்ணுவார், துடுப்பின் முட்களை எண்ணுவார், தம் கையாலேயே படம் வரைவார். ஓவியத் திறமையும் பொறுமையும் ஒருங்கே வாய்க்கப்பெற்றவர் அவர்.

கொச்சி நாட்டின் வரலாற்றையும் வாழ்க்கையையும் பற்றிப் பெருமாள்களின் நாடு என்னும் பொருள்படும் தலைப்பில் 1863-இல் ஒரு நூல் வெளியிட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1865-இல், மலபார் மீன்கள் பற்றிய நூல் வெளிவந்தது. மருத்துவராக வந்தவர் மீனியல் அறிஞராக மலர்ந்தது இப்படித்தான்.

மலையேறிய மீன் முட்டைகள்

1860-களில் டே ஒரு துணிச்சலான முயற்சியில் இறங்கினார். இங்கிலாந்தின் குளிர்ந்த ஓடைகளில் வாழும் டிரவுட் மீனை நீலகிரியில் வாழவைக்க விரும்பினார். மீன் முட்டைகளைப் பனிக்கட்டி இட்டுக் கப்பலில் கொண்டுவந்து, வெப்பம் தகிக்கும் சமவெளியைக் கடந்து மலையேற்ற வேண்டும். முயற்சி தோற்றது. முட்டைகள் பிழைக்கவில்லை.

அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஹென்றி சார்ல்டன் வில்சன் என்பவரே இம்முயற்சியில் வெற்றி கண்டார். நீலகிரியின் அவலாஞ்சியில் மீன் குஞ்சு பொரிப்பகம் 1907-இல் அமைந்தது. டே தோற்ற முயற்சியும் வீணன்று. மீன் ஓரிடத்தில் வாழ்வதற்கு நீர் மட்டும் போதாது, அந்நீரின் குளிர்ச்சியும் ஓட்டமும் பருவமும் பொருந்த வேண்டும் என்பதை அது காட்டியது. நிற்க.

அணையும் உல்லமும்

காவிரிப் படுகையிலும் கோதாவரியிலும் அணைகள் கட்டிப் புகழ்பெற்றவர் சர் ஆர்தர் காட்டன். கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையும் கீழணையும் 1836-இல் எழுந்தன, தஞ்சை செழித்தது. அதே காட்டன் 1867-இல் ஓர் ஐயத்தை எழுப்பினார்: இத்தகைய அணைகளால் கடலிலிருந்து ஆறேறும் மீன்களுக்குக் கேடு நேர்கிறதோ என்பதே அது. தாம் செய்த பெரும்பணியின் மறுபக்கத்தையும் கேள்விக்கு உட்படுத்திய அந்த நேர்மை போற்றத்தக்கது.

இதை ஆராயும் பணி டேயிடம் வந்தது. உல்லம் என்று நம் மக்கள் அழைக்கும் மீன் கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றை எதிர்த்து ஏறுவது. வங்காளிகள் உயிரினும் மேலாகப் போற்றும் ஹில்சா மீன் இதுவே. அணையின் சுவர் அதன் வழியை மறிக்கிறது. சுவரின் அடியில் கூட்டமாகத் தேங்கி நிற்கும் சினை மீனை வலை வீசி அள்ளுவது எளிது. அப்படி அள்ளப்படுவது ஒரு மீனன்று. அதன் வயிற்றிலுள்ள பல்லாயிரம் குஞ்சுகளும் சேர்ந்தே அழிகின்றன. அணைகளில் மீன் ஏறிச் செல்லப் படிவழிகள் அமைக்க வேண்டும் என்று டே பரிந்துரைத்தார். அரசு கட்டிய அணையிலேயே குறை உண்டு என்று அரசு ஊழியர் ஒருவர் எழுதுவதற்குத் துணிவு வேண்டும்.

தாசில்தார்களின் விடைகள்

1871-இல் இந்திய அரசு அவரை மீன்வளத் தலைமை ஆய்வாளர் என்னும் பொறுப்பில் அமர்த்தியது. சிந்து முதல் பர்மா வரை அவர் பயணம் செய்தார். செல்ல இயலாத இடங்களின் செய்தியை அறிய ஒரு வழி கண்டார். மாவட்ட அதிகாரிகளுக்கும் தாசில்தார்களுக்கும் வினாக்கள் அனுப்பப்பட்டன. உங்கள் பகுதியில் மீன் கூடுகிறதா, குறைகிறதா? வலைக்கண்ணின் அளவு என்ன? குஞ்சுகளைப் பிடிக்கிறார்களா? நீரில் நஞ்சு கலக்கிறார்களா? மீன் பிடிப்போர் யார், எத்தனை பேர்? இவைபோன்ற கேள்விகளுக்கு நாடெங்கிலுமிருந்து விடைகள் வந்து குவிந்தன.

அவற்றையெல்லாம் தொகுத்து, தம் நேரடி ஆய்வையும் சேர்த்து, இந்தியா மற்றும் பர்மாவின் நன்னீர் மீன்களும் மீன்பிடியும் பற்றிய அறிக்கையை 1873-இல் வெளியிட்டார். கடல் மீன்பிடி பற்றிய மற்றோர் அறிக்கையும் அதே ஆண்டில் வந்தது. தாலுகா அலுவலகத்திலிருந்து தகவல் திரட்டி, ஒரு நாட்டின் மீன்வளத்தைக் கணக்கெடுத்த முதற்பெரும் முயற்சி என்று இதனைக் கூறலாம்.

அவர் கண்ட உண்மை கசப்பானது. மீன் முட்டையிடும் பருவத்திலேயே மிகுதியாகப் பிடிக்கப்பட்டது. குஞ்சும் தப்பாத நெருங்கிய வலைகள் வீசப்பட்டன. வாய்க்காலிலும் வயல் மடையிலும் பொறி வைத்து, இறங்கி வரும் குஞ்சுகளையெல்லாம் வாரினார்கள். மடுக்களில் நஞ்சு கலந்தார்கள். வலைக்கண்ணுக்கு ஓர் அளவு வேண்டும். நஞ்சு கலப்பது தடுக்கப்பட வேண்டும். வழியை முற்றிலும் அடைக்கும் நிலைப்பொறிகள் கூடா என்பன அவர் வற்புறுத்தியவை.

அரசு தயங்கியது. மீன்பிடித்தே வயிறு வளர்க்கும் ஏழைகளை இச்சட்டம் வாட்டும் என்ற அச்சம் அதற்கு ஒரு காரணம். அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இன்றைய ஏழைக்கு இரக்கம் காட்டுவதாக எண்ணி, அவன் மகனுக்குரிய மீனையும் இன்றே அழிக்க விடலாமா என்பதே டேயின் வாதத்தின் சாரம்.

நண்பர் தாமஸ்

இதே காலத்தில் தென் கன்னட மாவட்டத்தில் கலெக்டராக இருந்தவர் ஹென்றி சல்லிவன் தாமஸ். தூண்டிலில் தோய்ந்தவர். இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி அவர் எழுதிய நூல் 1873-இல் மங்களூரில் வெளிவந்து புகழ்பெற்றது. ஏரி குளங்களில் தூண்டில் போடும் முறைகளையே பொருளாகக் கொண்ட தனி நூலொன்றையும் அவர் 1887-இல் வெளியிட்டார். தாமஸும் டேயைப் போலவே மீன் குஞ்சுகள் அழிவதைக் கண்டு கவலைப்பட்டவர். தென் கன்னடத்தில் மீன் வளர்ப்பது பற்றி அவர் எழுதிய அறிக்கை 1870-இல் அச்சேறியது. மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் வாழும் ஒரு செந்நிறக் கெண்டை இனத்திற்கு டே 1874-இல் தாமஸின் பெயரையே அறிவியற்பெயரில் சூட்டிச் சிறப்பித்தார்.

ஒருவர் மீனைப் பிடிப்பதில் வல்லவர். மற்றவர் மீனை அறிவதில் வல்லவர். இருவரும் ஒரே முடிவுக்கு வந்தனர் என்பது கவனிக்கத்தக்கது. பெரிய மீனைப் பிடிக்க விரும்புகிறவனே சிறிய மீனைக் காக்க முதலில் முன்வர வேண்டும் என்பதே அம்முடிவு. இதற்கு நம் கண்மாயிலேயே ஒரு சான்று உண்டு. அதுதான் விரால்.

கண்மாய்க்கு அரசன்

விராலுக்கு 1793-இல் அறிவியற்பெயர் சூட்டியவர் ஜெர்மானிய அறிஞர் பிளாக். சில ஆண்டுகள் கழித்து, 1801-இல், பிரெஞ்சு அறிஞர் லசெப்பேத் இம்மீனுக்கு வைத்த பெயரில் நம் விரால் என்ற தமிழ்ச்சொல்லே உருமாறி இடம்பெற்றிருந்தது. முன்னவர் இட்ட பெயரே செல்லும் என்பது மரபாதலால் அப்பெயர் நிலைக்கவில்லை. எனினும் நம் ஊர்ச்சொல் ஒன்று பாரிஸ் வரை சென்று வந்ததை எண்ணும்போது பெருமிதம் தோன்றுகிறது.

விராலுக்கு வாய் பெரிது. தலை பாம்பின் தலையை ஒக்கும். மூன்றடி வரை வளரக்கூடியது. செவுளுக்கு மேலே உள்ள ஒரு சிறிய அறையின் உதவியால் காற்றை நேரடியாக மூச்சிழுக்க வல்லது. இத்தகைய மீன்களைப் பற்றி டே தனியே சோதனைகள் செய்து, ஆசியாவின் நீர்நில வாழ் மீன்களும் இடம்பெயரும் மீன்களும் என்ற பொருளில் 1877-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். நீரின் மேற்பரப்புக்கு வரவிடாமல் தடுத்தால் விரால் நீருக்குள்ளேயே மூச்சுமுட்டி இறந்துவிடும். மீன் நீரில் மூழ்கிச் சாவது விந்தை அல்லவா? இந்த இயல்பே கரிசல் கண்மாயில் விராலை வாழவைக்கிறது. நீர் வற்றி, சேறாகி, மற்ற மீன்கள் செத்து மிதக்கும்போதும் விரால் சேற்றில் புதைந்து பல நாள் உயிர் தாங்கும்.

அமெரிக்க ஏரிகளில் பெருவாய் பாஸ் என்று ஒரு மீன் உண்டு. இனத்தால் அது விராலுக்கு உறவன்று. ஆனால் குணத்தால் இரண்டும் உடன்பிறந்தவை போன்றவை. இரண்டும் பாசியின் நிழலில் அசையாமல் பதுங்கி, அருகில் வரும் தவளையையும் சிறுமீனையும் ஒரே பாய்ச்சலில் விழுங்கும். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து ஏரியொன்றில் 1932-இல் ஜார்ஜ் பெர்ரி என்பவர் 10 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட பாஸ் மீனைப் பிடித்தார். 2009-இல் ஜப்பானின் பீவா ஏரியில் பிடிபட்ட ஒரு மீன் அதற்கு நிகராக நின்றது. வேட்டைக்காக அயல்நாட்டில் விடப்பட்ட அந்த பாஸ், ஜப்பானின் சொந்த மீன்களைத் தின்று தீர்த்ததால், 2005-இல் அந்நாடு அதனைத் தீங்கு தரும் அயலினம் என்று அறிவித்துக் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. நமக்கோ அயலூரிலிருந்து பெருவாயனைக் கொண்டுவர வேண்டிய தேவையே இல்லை. நம் பெருவாயன் நம் கண்மாயிலேயே இருக்கிறான்.

பெரிய விராலைப் பிடிக்கும் முறை

தூண்டிற்காரனுக்கு மிதப்பின் மேலேயே கண் என்பார்கள். விரால் தூண்டிலுக்கு இது முழுதும் பொருந்தாது. இங்கே கண் நீரின் மேல் இருக்க வேண்டும். காற்றுக்காக விரால் மேலே வந்தே தீர வேண்டுமல்லவா? வாயைத் திறந்து காற்றை வாங்கி அது அமிழும்போது நீரில் ஒரு வளையமும், சில வேளை ஒரு குமிழும் தோன்றும். பெரிய மீன் நிதானமாக எழுந்து நிதானமாக அமிழும். அது எங்கே எழுகிறது என்று அரைமணி நேரம் பொறுமையாகப் பார்த்தவன் பாதி வேலையை முடித்தவனாவான்.

விடியற்காலமும் பொழுதடையும் நேரமும் மேல். நம் நிழல் நீரில் விழக்கூடாது. கரையில் தடதடவென்று நடக்கக்கூடாது. மண்ணின் அதிர்வு மீனுக்கு எட்டும். கோரை ஓரம், தாமரை இலையின் அடி, நீரில் மூழ்கிய கருவேலங் கிளைகளின் நடுவே உள்ள இடைவெளி, இவையே பெரிய விரால் தங்கும் இடங்கள். இரை, சிறு தவளை. முதுகுத் தோலில் மட்டும் முள்ளை ஏற்றினால் தவளை உயிரோடு நீந்தும். ஈயக்குண்டு வேண்டாம். தவளை பாசியின் மேல் தத்தித் தத்திப் போக வேண்டும். தங்கூசி நரம்பு தடிமனாக இருக்க வேண்டும். பாசிக்குள் பாயும் மீனை மெல்லிய நரம்பு தாங்காது. மீன் கவ்வியதும் உடனே சுண்டினால் தவளை மட்டும் கைக்கு வரும். கவ்விய இரையை விரால் உள்ளே கொண்டுபோய்த் திருப்பி விழுங்கும் வரை நரம்பைத் தளர்த்திப் பொறுத்திருந்து, பின்பு இழுக்க வேண்டும்.

இவை நல்ல முறைகள். மீனுக்கும் மனிதனுக்கும் நடக்கும் நேரான போட்டி. இன்னொரு முறை உண்டு. அது எளிதினும் எளிது, அதனாலேயே கொடிது.

மழைக்காலத்தில் ஆண் விராலும் பெண் விராலும் பாசியை விலக்கிச் சிறு இடம் செய்து முட்டையிடும். முட்டைகள் மிதக்கும். பொரித்த குஞ்சுகள் செம்மை நிறத்தில் பந்துபோலத் திரண்டு, நீரின் மேற்பரப்பில் கொதிப்பதுபோல் துள்ளும். அந்தப் பந்தின் அடியில் தாயும் தந்தையும் காவல் நிற்கும். அங்கே எதைப் போட்டாலும் பெரிய மீன் பாயும். பசியால் அன்று; பிள்ளைகளைக் காக்கும் சினத்தால். மற்ற நாளில் நாள் முழுதும் காத்திருந்தாலும் கிடைக்காத பெரிய விரால், இப்போது கால்மணி நேரத்தில் அகப்படும். பெற்றவை போன பின் அந்தக் குஞ்சுகளின் கதி என்ன? கெளுத்தியும் கொக்கும் தண்ணீர்ப்பாம்பும் ஒரே நாளில் பந்தைக் கரைத்துவிடும். ஒரு மீன் கூடையில். ஒரு தலைமுறை மண்ணில்.

பெருவாய் பாஸ் மீனிலும் இதே நிலைதான். அங்கே தந்தை மீன் கூட்டைக் காக்கும். அதனைத் தூண்டிலில் எடுத்துவிட்டால் மற்ற மீன்கள் கூட்டைச் சூறையாடும். ஆகவே கனடாவின் ஒன்டாரியோ போன்ற இடங்களில் குஞ்சு வளரும் பருவம் முடியும் வரை பாஸ் பிடிப்பதற்குத் தடை உண்டு. டே நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இந்தியாவுக்கு வேண்டுமென்று கேட்டதும் இதே கொள்கையைத்தான்: இனப்பெருக்கப் பருவத்தில் மீனுக்கு ஓய்வு கொடுங்கள் என்பது.

இந்திய மீன்கள் என்னும் பெருநூல்

இத்தனை பயணங்களுக்கும் அறிக்கைகளுக்கும் இடையில் டேயின் சொந்த வாழ்க்கையில் துயரம் அடுத்தடுத்து வந்தது. 1857-இல் மணந்த முதல் மனைவி எம்மா 1869-இல் காலமானார். 1872-இல் மறுமணம் செய்துகொண்டார். அந்த அம்மையாரும் மறு ஆண்டே மறைந்தார். இத்தகைய இடிகள் விழுந்த ஆண்டுகளிலேதான் அவருடைய மாபெரும் நூல் உருவாகிக்கொண்டிருந்தது என்பதை நினைக்கும்போது நெஞ்சம் நெகிழ்கிறது.

இந்திய மீன்கள் என்னும் அந்நூல் 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. ஆயிரத்து நானூறுக்கு அருகான மீன் இனங்கள், இருநூறு அளவிலான படத்தகடுகள். படங்களை வரைந்தவர் அவரே. அறிவியற்பெயரோடு நின்றுவிடாமல், தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி முதலிய மொழிகளில் மக்கள் வழங்கும் பெயர்களையும் குறித்துவைத்தார். மீனவன் வாயிலிருந்து வந்த சொல்லும் அறிவுக்குரியதே என்று மதித்தவர் அவர். இன்றும் இந்தியாவில் மீனியல் பயிலும் எவரும் அந்நூலைத் தொடாமல் ஆய்வைத் தொடங்குவதில்லை.

1877-இல் பணி ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பிய டே, செல்டனம் நகரில் குடியேறினார். ஓய்வு பெற்றும் அவர் ஓயவில்லை. பிரிட்டன், அயர்லாந்து நாட்டு மீன்கள் பற்றிய நூலை 1880 முதல் 1884 வரை வெளியிட்டார். 1883-இல் லண்டனில் நடந்த பன்னாட்டு மீன்வளப் பொருட்காட்சியில் இந்தியப் பகுதிக்குப் பொறுப்பேற்றார். 1885-இல் சி.ஐ.இ. என்னும் அரசுப் பட்டம் அவருக்கு அளிக்கப்பட்டது.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் மீன் பிரிவைக் கவனித்துவந்த ஆல்பர்ட் குந்தருக்கும் இவருக்கும் கடும் கருத்து வேற்றுமை நிலவியது. ஒருவர் முடிவை மற்றவர் ஏற்பதில்லை. இதன் விளைவாக, டே இந்தியாவெங்கும் அலைந்து சேர்த்த மீன் மாதிரிகளில் ஒரு பெரும்பகுதி 1883-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி அருங்காட்சியகத்திற்கு விலைக்குப் போயிற்று. நம் ஆற்று மீனின் மூல மாதிரியைக் காணக் கடல்கடந்து சிட்னிக்குப் போக வேண்டிய நிலை இப்படித்தான் வந்தது. அறிஞர்களின் பகையால் அறிவுக்கு நேரும் இழப்புக்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

இறுதி நாட்கள்

பிரிட்டிஷ் இந்திய விலங்கினங்கள் என்ற வரிசையில் மீன்களுக்கென இரண்டு தொகுதிகளை டே எழுதினார். அவை வெளிவந்த 1889-ஆம் ஆண்டிலேயே, ஜூலை 10-ஆம் நாள், செல்டனத்தில் அவர் உயிர் பிரிந்தது. வயது அறுபது. எடின்பரோ பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் அளித்ததும் அதே ஆண்டில்தான்.

அவர் கேட்ட சட்டத்தை அவர் பார்க்கவில்லை. மறைந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1897-இல், இந்திய மீன்வளச் சட்டம் நிறைவேறியது. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை அது குற்றமாக்கியது. சென்னை மாகாணத்தில் மீன்வளத்திற்கென ஒரு தனி அலுவலகம் சர் பிரடெரிக் நிக்கல்சனின் முயற்சியால் 1907-இல் தோன்றியது. விதைத்தவர் ஒருவர்; அறுத்தவர்கள் வேறு சிலர்.

நிறையும் குறையும்

டேயைக் குறையே இல்லாதவராகக் காட்ட வேண்டியதில்லை. அவர் ஆங்கில ஆட்சியின் ஊழியர். நீலகிரிக்கு டிரவுட் கொண்டுவர முயன்றது இந்நாட்டு மக்களின் உணவுக்காக என்பதைவிட, அங்கு வாழ்ந்த வெள்ளையரின் வேட்டை இன்பத்திற்காக என்பதே பொருந்தும். அயல் மீனைப் புதிய நீரில் விடுவதால் வரும் கேட்டை அக்காலத்தவர் உணரவில்லை. அவர் கேட்ட கட்டுப்பாடுகள், மாற்றுத் தொழில் காட்டாமல் விதிக்கப்பட்டிருந்தால், ஏழை மீனவரின் அடுப்பை அணைத்திருக்கும். இவற்றையெல்லாம் கருதிய பின்னும் ஓர் உண்மை மிஞ்சி நிற்கிறது. மீன் கடவுள் கொடுத்த வற்றாத கொடை என்று எல்லாரும் எண்ணிய காலத்தில், அது வற்றும் என்று கணக்கெடுத்துக் காட்டியவர் அவர்.

நாம் செய்யத்தக்கது

பேராசிரியப் பெருமக்களே, மாணவ நண்பர்களே! கண்மாய் அழியும் நாளில் ஊர் முழுவதும் ஊத்தாவும் வலையுமாக இறங்கும் காட்சி நம் சீமைக்குப் புதிதன்று. ஊரே கூடி, சாதி பாராமல் சேற்றில் இறங்கி, வீட்டுக்கு வீடு மீன் குழம்பு மணக்கும் அந்த நாள் ஒரு திருநாள். வற்றப்போகும் நீரில் உள்ள மீனைப் பிடிப்பதில் தவறில்லை. பிடிக்காவிட்டாலும் அது வெயிலுக்கும் பருந்துக்கும்தான் போகும். தவறு நடப்பது மழைக்காலத்தில். கலிங்கில் எதிரேறும் சினை மீனைப் பறி வைத்து வாருவதும், மடையில் கொசுவலை கட்டிக் குஞ்சை அள்ளுவதும், செம்பந்தாய்த் துள்ளும் விரால் குஞ்சுகளின் நடுவே தூண்டிலை இறக்குவதும்தான் கண்மாயை வெறுங்குளமாக்குகின்றன.

வளர்ப்பதற்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி நாட்டு மீன்களைத் தின்று பெருகுவது கண்டு, இந்திய அரசு அதன் வளர்ப்பை 2000-ஆம் ஆண்டில் தடைசெய்தது. ஆயினும் அது மறைவாகக் குளங்களில் விடப்படுகிறது. தெலங்கானா விராலைத் தன் மாநில மீனாகவே அறிவித்துச் சிறப்பித்திருக்கிறது. விராலுக்குப் பெயரிட்டு அழைத்த நாமோ அதைச் சந்தையில் விலை கேட்டுத் திரும்புகிறோம்.

இதை மாற்றப் பெருஞ்சட்டம் வேண்டியதில்லை. மீன்பாசி ஏலம் எடுப்போரும் ஊராரும் கூடி, மழை தொடங்கிய நாளிலிருந்து குஞ்சு விரல் நீளம் வளரும் வரை கண்மாயில் தூண்டிலும் வலையும் இல்லை என்று ஒரு கட்டுப்பாடு செய்துகொண்டால் போதும். கண்மாயின் ஆழமான மூலையில் ஒரு பள்ளத்தை அழிக்காமல் விட்டுவைத்தால், அடுத்த மழைக்கு விதை மீன் அங்கிருந்தே கிளம்பும். விலங்கியல் மாணவர்கள் தங்கள் ஊர்க் கண்மாயில் என்னென்ன மீன்கள் உள்ளன, எவை முன்பு இருந்து இப்போது இல்லை என்று பெரியவர்களைக் கேட்டு எழுதிவைக்கலாம். டே தாசில்தார்களிடம் கேட்ட கேள்விகளை நாம் நம் தாத்தாக்களிடம் கேட்கலாம். அவர்கள் விடை இன்னும் துல்லியமாக இருக்கும்.

பெரிய மீனைப் பிடிக்கும் ஆசை தவறான ஆசை அன்று. அது பொறுமையையும் கூர்மையையும் கற்பிக்கும் ஆசை. ஆனால் இன்று நம் தூண்டிலில் துள்ளும் பெரிய மீன், சில ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் பிடிக்காமல் விட்ட குஞ்சு. இந்த எளிய கணக்கைச் சொல்லவே ஒரு மனிதர் ஆறாறாக அலைந்தார்; ஆயிரம் பக்கங்கள் எழுதினார். அக்கணக்கை மறவாதிருப்பதே டாக்டர் பிரான்சிஸ் டேக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.